கட்-ஆஃப் கேட்காத கல்லூரி

"என்ன மார்க் வேணுமாம்?"

கலிஃபோர்னியாவில் ஒரு கல்லூரியில் சேரப்போகிறேன் என்று போனில் சொன்னதும், அருப்புக்கோட்டையிலிருந்து அப்பா கேட்ட முதல் கேள்வி இதுதான். மார்க்கெல்லாம் வேண்டாம்ப்பா, பதினெட்டு வயசு ஆகியிருந்தால் போதும் என்றேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமில்லை. "அப்ப அது நல்ல காலேஜா இருக்காதேம்மா" என்றார்.

அப்பாவைச் சொல்லிக் குற்றமில்லை. எனக்கும் உள்ளூர அதே எண்ணம்தான். பிளஸ் டூ முடித்து, கட்-ஆஃப் மார்க்கில் ஒரு நூலளவில் இடம் தவறி, அழுது முடித்து பி.எஸ்சி. கணிதம் சேர்ந்தவள் நான். எத்தனை பேரை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறது என்பதுதான் எங்கள் ஊரில் ஒரு கல்லூரியின் பெருமை. யாரையும் திருப்பி அனுப்பாத இடத்துக்கு என்ன மதிப்பு இருக்கப்போகிறது?

2014 அக்டோபர் 3ஆம் தேதி சான் ஃபிரான்சிஸ்கோவில் வந்து இறங்கினேன். இந்தத் தேதி முக்கியம், பின்னால் வரும். எச்-4 விசா, வேலை விசாவில் இருப்பவரின் மனைவிக்குக் கொடுப்பது. கணவருக்கு வேலை, எனக்கு வேலை பார்க்க அனுமதி கிடையாது. மகனுக்கு ஒன்றரை வயது. சன்னிவேலில் ஒற்றைப் படுக்கையறை வீடு. காலை எட்டரைக்கு ஆண்கள் எல்லாரும் அலுவலகம் கிளம்பிவிடுவார்கள். பதினோரு மணிக்கு நாங்கள் குழந்தைகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு பூங்காவில் கூடுவோம். அந்தக் கூட்டத்தில் எம்.ஈ. படித்தவர் இருந்தார், எம்.சி.ஏ. இருந்தார், ஊரில் சொந்தமாகக் கிளினிக் வைத்திருந்த பல் டாக்டர் ஒருவர்கூட இருந்தார். பேசுவது என்னவோ எந்தக் கடையில் முருங்கைக்காய் வந்திருக்கிறது என்பதைத்தான்.

அங்கேதான் நாமக்கல் அக்கா ஒருவர் காதில் போட்டார். "டி ஆன்சாவுல போய் இ.சி.இ. பன்னெண்டு யூனிட் முடிச்சு வச்சுக்கம்மா. ஈஏடி கைக்கு வந்த அன்னைக்கே வேலைக்குப் போயிரலாம்."

அந்த ஒரு வாக்கியத்தைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதம் பிடித்தது. டி ஆன்சா என்பது பக்கத்து ஊரான கூப்பர்டினோவில் இருக்கும் கம்யூனிட்டி காலேஜ், அதாவது யாரும் சேரக்கூடிய இரண்டு வருட அரசுக் கல்லூரி. யூனிட் என்பது ஒரு பாடம் எவ்வளவு பெரியது என்பதற்கான அளவு. இ.சி.இ. என்றால் மழலைக் கல்வி. கலிஃபோர்னியாவில் தனியார் மழலையர் பள்ளியில் ஆசிரியையாக இருக்க அதில் 12 செமஸ்டர் யூனிட் படித்திருக்க வேண்டும், ஆறு மாத அனுபவமும் வேண்டும். ஆறு யூனிட் முடித்தவர்களை, மீதியைப் படித்துக்கொண்டே வேலை பார்க்க விடுவார்கள். ஈஏடி என்பது வேலை அனுமதி அட்டை. கணவரின் கிரீன் கார்டு விண்ணப்பம் ஒரு கட்டத்தைத் தாண்டியிருந்தால் எச்-4 மனைவிகளுக்கும் அது உண்டு என்ற விதி 2015 மே மாதம்தான் வந்தது. எங்களுக்கு அந்தக் கட்டம் வர இன்னும் நாள் இருந்தது. ஆனால் படிப்பதற்கு எந்த அனுமதியும் தேவையில்லை. எச்-4 விசாவில் தாராளமாகப் படிக்கலாம். இதை எனக்கு விமானம் ஏறும் முன்பே யாராவது சொல்லியிருக்கலாம்.

சரி, கட்டணம் எவ்வளவு என்று பார்த்தேன். டி ஆன்சாவில் வருடத்தை மூன்று மூன்று மாதமாகப் பிரித்திருக்கிறார்கள், குவார்ட்டர் என்பார்கள். ஒரு குவார்ட்டர் யூனிட்டுக்கு 31 டாலர். நாலு யூனிட் வகுப்புக்கு 124. நமக்கு வேண்டிய 12 செமஸ்டர் யூனிட் என்பது இங்கே 18 குவார்ட்டர் யூனிட்டுக்குச் சமம். நாலு நாலாக எடுத்தால் ஐந்து வகுப்பு, 620 டாலர். அப்புறம் சில்லறைக் கட்டணங்கள், புத்தகம். வெளிநாட்டுப் படிப்பு என்றாலே வீட்டை அடமானம் வைக்கவேண்டும் என்று நினைத்திருந்த எனக்கு, ஒருவேளை ஒரு சைபரை விட்டுவிட்டேனோ என்று சந்தேகம்.

சைபரை விடவில்லை, ஒரு வரியை விட்டுவிட்டேன். அந்தக் கட்டணம் கலிஃபோர்னியாவாசிக்கு. வெளியாளுக்குப் பல மடங்கு. வாசி ஆக வேண்டுமானால், வகுப்பு தொடங்கும் நாளுக்கு முன் ஒரு வருடமும் ஒரு நாளும் இந்த மாநிலத்தில் இருந்திருக்க வேண்டும், இங்கேயே இருக்கும் எண்ணம் உண்டு என்பதற்குக் காகித ஆதாரமும் காட்ட வேண்டும். மாணவர் விசாவில் வருபவர்களுக்கு இந்த வழி கிடையாது, எச்-4க்கு உண்டு. இலையுதிர் பருவ வகுப்புகள் செப்டம்பர் கடைசியில் தொடங்குகின்றன. நான் வந்திறங்கியது அக்டோபர் 3. பத்துப் பன்னிரண்டு நாளில் தவறிவிட்டது. ஜனவரி வரை காத்திருந்தேன்.

காத்திருந்ததும் ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் காகித ஆதாரம் என்று என்னிடம் ஒன்றுமே இல்லை. வீட்டு ஒப்பந்தம் அவர் பேரில். மின்சார பில் அவர் பேரில். போன், இன்சூரன்ஸ், வங்கிக் கணக்கு, எல்லாம் அவர் பேரில். ஒரு வருடம் ஒரு மாநிலத்தில் சமைத்து, துவைத்து, பிள்ளை வளர்த்திருக்கிறேன், நான் அங்கே இருந்ததற்கு ஒரு துண்டுச் சீட்டு கிடையாது! அந்த மூன்று மாதத்தில் டிரைவிங் லைசென்ஸ் எடுத்தேன், வங்கிக் கணக்கைக் கூட்டுக் கணக்காக்கினோம், ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது என் பெயரையும் சேர்த்தோம். புதிதாக வருகிற பெண்களுக்கு நான் சொல்லும் முதல் யோசனை இன்றைக்கும் இதுதான். படிக்கப் போகிறாயோ இல்லையோ, வந்த முதல் மாதமே ஏதாவது இரண்டு காகிதத்தில் உன் பெயரை ஏற்றிவிடு.

2016 ஜனவரியில் உள்ளே போனேன். அப்போது ஆங்கிலத்துக்கும் கணக்குக்கும் ஒரு நிலைத்தேர்வு உண்டு. சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவுசெய்ய இல்லை, எந்தப் படியில் தொடங்க வேண்டும் என்று பார்க்க. கணக்குக்குக் கவலையே படவில்லை. ஆங்கிலத்துக்கும் படவில்லை, அதுதான் தப்பு. பி.எஸ்சி. முழுக்க இங்கிலீஷ் மீடியம், எனக்கென்ன என்று ஒரு வரி புரட்டாமல் போய் உட்கார்ந்தேன். கட்டுரை எழுதச் சொன்னார்கள். நமக்குக் கட்டுரை என்றால் முன்னுரை, பொருளுரை, முடிவுரை, நடுவில் நாலு பொன்மொழி. அதையே செய்தேன். கல்லூரி நிலை ஆங்கிலத்துக்கு இரண்டு படி கீழே போட்டார்கள்.

அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையனின் கதை அதைவிட மோசம். இங்கேயே பிறந்து, இங்கேயே பள்ளி முடித்தவன். கணக்கில் மூன்று படி கீழே போட்டிருந்தார்கள். ஒரு வருடம் படித்தாலும் பட்டத்துக்குச் சேரும் யூனிட் ஒன்றுகூட வராது. இரண்டாவது படியிலேயே நின்றுவிட்டான். அவனைப் போல ஆயிரக்கணக்கானவர்கள் மாநிலம் முழுக்க நின்றுவிடுகிறார்கள் என்பது கடைசியில் சட்டசபை வரை போனது. 2017இல் ஏபி 705 என்று ஒரு சட்டம் வந்தது. நிலைத்தேர்வு போய், பள்ளி மதிப்பெண்ணைப் பார்த்து நேராகக் கல்லூரி நிலை வகுப்பில் உட்கார வைத்து, தேவையானால் பக்கத்துணையாக உதவி வகுப்பு கொடுக்கும் முறை வந்தது. கதவு திறந்திருந்தால் போதாது, உள்ளே போனதும் படிக்கட்டைச் சுவர் மாதிரி கட்டிவைத்தால் என்ன பிரயோசனம்? இதை அவர்களே கண்டுபிடிக்க இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

நல்லவேளை, மழலைக் கல்வி வகுப்புகளுக்கு ஆங்கில நிலை வெறும் பரிந்துரைதான். இரண்டையும் சேர்த்தே எடுத்தேன்.

முதல் வகுப்பில் சுற்றிப் பார்த்தேன். நாற்பது பேர் இருந்தோம். பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் பாதி. அறுபதைத் தாண்டிய வியட்நாமியப் பாட்டி ஒருவர். கடற்படையிலிருந்து வந்தவர், கையெல்லாம் பச்சை குத்தியவர், மழலைக் கல்வி படிக்கிறார். ஒரு மெக்ஸிகோக்காரப் பெண் இரவெல்லாம் அலுவலகங்களைத் துப்புரவு செய்துவிட்டுக் காலையில் நேராக வகுப்புக்கு வருவாள். ஆசிரியை உள்ளே வந்தார், நான் எழுந்து நின்றேன். நான் மட்டும். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம் என்றார். இரண்டு வருடமும் நான் "புரொஃபசர்" என்பதைத் தாண்டவில்லை.

வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே எனக்கு இரண்டு மணி நேர இடைவெளி. பஸ்ஸில் வருகிறவளுக்கு நடுவில் வீட்டுக்குப் போய்வர முடியாது. வளாகத்தைச் சுற்றுவேன். கல்லூரி கட்டுமுன் அந்த இடம் ஒரு பணக்காரரின் திராட்சை எஸ்டேட்டாக இருந்தது. 1890களில் கட்டிய அவருடைய மாளிகை பிரெஞ்சு அரண்மனை பாணியில் இன்னும் நிற்கிறது, லெ பெட்டி ட்ரியனான் என்று பெயர். இப்போது அதில் கலிஃபோர்னியா வரலாற்று மையம். உள்ளே அமைதியாக இருக்கும், நல்ல நாற்காலி இருக்கும். முதலில் நாற்காலிக்காகத்தான் போனேன்.

அங்கே உட்கார்ந்து படிக்க ஆரம்பித்ததில்தான் இந்தக் கல்லூரிகளின் பூர்வீகம் பிடிபட்டது. 1901இல் சிகாகோவுக்குப் பக்கத்து ஊரான ஜோலியட்டில் முதல் அரசு ஜூனியர் காலேஜ். ஊர் உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஜே. ஸ்டான்லி பிரவுனும் சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பரும் பேசிவைத்துத் தொடங்கியது. ஆறே மாணவர்கள். முதல் இரண்டு வருடத்தை ஊரிலேயே வீட்டுச் சாப்பாட்டில் படித்துவிட்டு, பிறகு பல்கலைக்கழகத்துக்குப் போகலாம் என்பது ஏற்பாடு. ஹார்ப்பருக்கு இதில் முழுக்க தர்மசிந்தனை என்று நான் நினைக்கவில்லை. முதல் இரண்டு வருடப் பிள்ளைகளை வேறிடத்தில் வைத்துவிட்டால் பல்கலைக்கழகம் ஆராய்ச்சியைப் பார்க்கலாம் என்ற கணக்கும் அவருக்கு இருந்தது. கலிஃபோர்னியா 1907இல் இதற்கு ஒரு சட்டம் போட்டது, 1910இல் ஃப்ரெஸ்னோ ஊர்க்காரர்கள் இந்த மாநிலத்தின் முதல் ஜூனியர் காலேஜைத் தொடங்கினார்கள்.

அதைப் பெரிதாக்கியது இரண்டாம் உலகப் போர். திரும்பி வந்த சிப்பாய்களுக்குப் படிப்புச் செலவை அரசே கொடுக்கும் சட்டம் 1944இல் வந்தது. என் வகுப்பில் இருந்த கடற்படைக்காரர் படித்ததும் அந்தச் சட்டத்தின் வழியில் வந்த உதவியில்தான். 1947இல் அதிபர் ட்ரூமன் அமைத்த ஆணையம், ஊருக்கு ஊர் கட்டணமில்லாத இரண்டு வருடக் கல்லூரி வேண்டும், அது அந்த ஊரின் தேவைக்கெல்லாம் பயன்பட வேண்டும் என்றது. கம்யூனிட்டி காலேஜ் என்ற பெயர் பரவலானது அதற்குப் பிறகு. 1960இல் கலிஃபோர்னியா ஒரு பெருந்திட்டம் போட்டது. பள்ளி முடிப்பவர்களில் முதல் எட்டில் ஒரு பங்குக்கு யூசி எனப்படும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம். முதல் மூன்றில் ஒரு பங்குக்கு மாநிலப் பல்கலைக்கழகங்கள். மற்ற யாராக இருந்தாலும் கம்யூனிட்டி காலேஜ், அங்கே நன்றாகப் படித்தால் மேலே உள்ள இரண்டுக்கும் மூன்றாம் வருடத்தில் ஏறிக்கொள்ளலாம்.

இதைப் படித்த அன்று அப்பாவுக்குப் போன் போட்டேன். கட்-ஆஃப் இங்கேயும் இருக்கிறதுப்பா, ஆனால் அதில் விழுந்தவர்களுக்குப் பின்வாசல் ஒன்று சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள் என்றேன். "பின்வாசல்னு சொல்லாதம்மா, நல்லாவா இருக்கு" என்றார்.

இந்த வளாகம் 1967இல் திறந்தது. கல்லூரிகளை நிர்வகிக்கும் அமைப்பை இங்கே கல்லூரி மாவட்டம் என்பார்கள். அதே மாவட்டத்தின் மூத்த கல்லூரி ஃபுட்ஹில், அது 1957இல் நிறுவப்பட்டது. அப்போது இந்தப் பள்ளத்தாக்கு முழுக்க ஆப்ரிகாட், பிளம் தோட்டங்கள். ஆப்பிளின் ஸ்டீவ் வாஸ்னியாக் டி ஆன்சாவில் படித்தவர். 1984 ஜனவரியில் மெக்கின்டாஷ் கணினியை உலகத்துக்குக் காட்டியது இந்த வளாகத்தில் இருந்த ஃப்ளின்ட் சென்டர் அரங்கில். என்னை யோசிக்க வைத்தது அந்த வருடத்தின் இன்னொரு விஷயம். அதுவரை கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்களில் கட்டணமே கிடையாது. 1978இல் சொத்துவரியைக் கட்டிப்போட்ட 13ஆம் முன்மொழிவை மக்கள் ஓட்டுப் போட்டு நிறைவேற்றினார்கள். கல்லூரிகள் நம்பியிருந்தது அந்த வரியைத்தான். ஆறு வருடம் இழுத்துப் பார்த்துவிட்டு 1984இல் முதன்முறையாக யூனிட்டுக்கு 5 டாலர் வாங்க ஆரம்பித்தார்கள். இன்று செமஸ்டர் யூனிட்டுக்கு 46. வருமானம் குறைந்த உள்ளூர்க்காரர்களுக்குத் தள்ளுபடி உண்டு.

காசு இறுகியதன் இன்னொரு அடையாளத்தை மாணவர்கள் தினமும் பார்க்கிறோம், அடையாளம் தெரிவதில்லை அவ்வளவுதான். கம்யூனிட்டி காலேஜ்களில் பாடம் நடத்துகிறவர்களில் நிறையப் பேர் பகுதிநேரம். ஒரே கல்லூரி மாவட்டத்தில் முழுநேர வேலையின் 67 சதவீதத்துக்கு மேல் அவர்களுக்கு வகுப்பு கொடுக்கக் கூடாது என்று சட்டம். அதனால் காலையில் ஒரு கல்லூரி, மதியம் இருபது மைல் தள்ளி இன்னொன்று, சாயங்காலம் மூன்றாவது என்று ஓடுவார்கள். ஃப்ரீவே ஃப்ளையர் என்று அவர்களுக்குப் பட்டப்பெயரே உண்டு. எனக்கு இது தெரியாமல், வகுப்பு முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு பறக்கிற ஓர் ஆசிரியரைத் திமிர் பிடித்தவர் என்று முடிவுகட்டி வைத்திருந்தேன். ஒரு நாள் கார் நிறுத்துமிடம் வரை கூடவே நடந்து கேட்டேன். நடந்தபடியே பத்து நிமிடம் அருமையாக விளக்கினார், பின்சீட்டில் மூன்று கல்லூரிகளின் விடைத்தாள்கள் கிடந்தன. அதன் பிறகு என் சந்தேகங்களையெல்லாம் முதல் நாளே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் அந்தப் பத்து நிமிட நடையில் கேட்பேன்.

இப்போது என் எஃப் கிரேடு கதை. இரண்டாவது குவார்ட்டரில், ஊரே ஐ.டி.யில் இருக்கிறதே என்று ஆசைப்பட்டு ஒரு புரோகிராமிங் வகுப்பையும் சேர்த்து எடுத்தேன். குவார்ட்டர் என்பது பன்னிரண்டே வாரம், மூன்றாவது வாரம் தேர்வு வந்து நிற்கும். நாலாவது வாரம் மகனுக்குக் காய்ச்சல், கை கால் வாயெல்லாம் கொப்புளம். பத்து நாள் நகர முடியவில்லை. புரோகிராமிங்கில் இனி எட்டிப் பிடிக்க முடியாது என்று தெரிந்ததும் போவதை நிறுத்திவிட்டேன். வராதவர்கள் பேரை அவர்களே அடித்துவிடுவார்கள் என்று நினைப்பு, நம் ஊரில் அட்டெண்டன்ஸில் பெயர் அடிப்பது மாதிரி. அப்படி இல்லை. விலகுவதாக இருந்தால் கடைசித் தேதிக்குள் நாமே கணினியில் போய் அந்த வகுப்பைக் கைவிட வேண்டும். ஆரம்ப வாரங்களில் விட்டால் சுவடே இருக்காது, காசும் திரும்ப வரும். கொஞ்சம் தாமதித்தால் டபிள்யூ என்று விழும், அது சராசரியைத் தொடாது. அதையும் விட்டால் எஃப். ஜூன் கடைசியில் மதிப்பெண் பட்டியலைத் திறந்தேன். வாழ்க்கையில் கணக்குப் பாடத்தில் சென்டம் எடுத்தவள் பெயருக்கு நேரே எஃப். இரண்டு நாள் இவரிடம்கூடச் சொல்லவில்லை.

இரண்டு வருடம் கழித்து அதே வகுப்பைத் திரும்ப எடுத்து பி வாங்கினேன். புதியது சராசரியில் பழையதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது, ஆனால் பழைய எஃப் பட்டியலில் ஓரமாக இன்னும் இருக்கிறது. அதனால் புதிதாகச் சேருகிறவர்களிடம் சொல்வேன், முதல் வாரமே பாடத்திட்டத் தாளைவிட முக்கியமாக அந்தக் கடைசித் தேதிகளைக் குறித்துக் காலண்டரில் ஒட்டுங்கள் என்று. முதல் குவார்ட்டரில் இரண்டு வகுப்புக்கு மேல் ஆசைப்படவும் வேண்டாம். புத்தகத்தை முதல் நாளே வாங்காதீர்கள். நூலகத்தில் இரண்டு மணி நேரக் கடனுக்கு ஒரு பிரதி பெரும்பாலும் இருக்கும், பழைய பதிப்பு போதுமா என்று ஆசிரியரிடமே கேட்டால் போதும் என்றுதான் சொல்வார்.

இவ்வளவு சொன்னேனே, படித்தது என்ன என்று கேட்பீர்கள். ஒன்றை மட்டும் சொல்கிறேன். குழந்தை கவனிப்பு என்று ஒரு பயிற்சி. ஒரு மழலையர் வகுப்பின் ஓரத்தில் உட்கார்ந்து, ஒரு குழந்தையை இருபது நிமிடம் பார்த்து, பார்த்ததை எழுத வேண்டும். நான் எழுதினேன்: "சிவப்புச் சட்டைப் பையன் கோபத்தோடு கட்டைகளைத் தள்ளிவிட்டான். பிடிவாதக்காரன் போலிருக்கிறது." ஆசிரியை 'கோபத்தோடு', 'பிடிவாதக்காரன்' என்ற இரண்டு சொல்லையும் பென்சிலால் வட்டமிட்டு, ஓரத்தில் எழுதியிருந்தார்: "இதை எங்கே பார்த்தாய்?"

திரும்பப் போய் உட்கார்ந்தேன். அதே பையன். இந்த முறை எழுதியது: "வலது கையால் மேல் கட்டையைத் தள்ளினான். எல்லாம் விழுந்தன. விழுந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றான். அதே வரிசையில் மறுபடி அடுக்கினான். இம்முறை கீழ்க் கட்டையைத் தள்ளினான்." எழுதிக்கொண்டிருக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. அவன் கோபப்படவே இல்லை, எங்கே தட்டினால் எப்படி விழுகிறது என்று சோதித்துக்கொண்டிருக்கிறான். அன்று சாயங்காலம் என் மகன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளினான். "அடம் பிடிக்கிறான்" என்று இவரிடம் சொல்ல வாயெடுத்தவள், அப்படியே நின்றேன். தட்டில் ரசம் சூடாக இருந்தது.

அந்த நாற்பது பேரில் கடைசி நாள் தேர்வுக்கு வந்தது இருபத்தாறு பேர். துப்புரவு வேலை பார்த்த பெண் ஆறாவது வாரத்தோடு வரவில்லை, என்ன ஆனாள் என்று இன்றுவரை தெரியாது. வியட்நாமியப் பாட்டி முடித்தார், ஏ வாங்கினார், அடுத்து நீர்வண்ண ஓவியம் எடுக்கப் போவதாகச் சொன்னார். அவருக்குப் பட்டமும் வேண்டாம், வேலையும் வேண்டாம். அப்படிப் படிக்கிறவர்களுக்கும் இங்கே இடமிருப்பது எனக்கு ரொம்பப் பிடித்தது, ஆனால் இப்போது கலிஃபோர்னியாவில் பணம் ஒதுக்குகிறவர்கள் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேர் மேலே போனார்கள் என்று எண்ணுவதில்தான் குறியாக இருக்கிறார்கள். பாட்டியின் நீர்வண்ணத்தை எந்தக் கட்டத்தில் எண்ணுவார்கள்?

மேலே போகும் வழியைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம் ஆட்கள் இதை மறைத்துப் பேசுகிறார்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரு தமிழ்க் குடும்பத்துப் பையன் பள்ளி முடித்துக் கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்தான். பொங்கல் விழாவில் யாராவது கேட்டால் அவன் அம்மா "இன்னும் டிசைட் பண்ணலைங்க" என்பார். இரண்டு வருடத்தில் யூசி டேவிஸுக்கு மூன்றாம் வருடத்தில் போய்ச் சேர்ந்தான், அடுத்த பொங்கலுக்கு எல்லாரிடமும் அவரே வந்து சொன்னார். யூசியின் ஆறு வளாகங்கள் இப்படி இடத்துக்கு உறுதி கொடுக்கின்றன. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோ மூன்றும் கொடுப்பதில்லை, அங்கே போட்டி போட்டுத்தான் போக வேண்டும். மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கென்று 2010இல் வந்த சட்டப்படி, அதற்கென்று வகுத்த இரண்டு வருடப் பட்டத்தை முடித்தால் ஏதாவது ஒன்றில் இடம் நிச்சயம். எந்த வகுப்பு எந்தப் பல்கலைக்கழகத்தில் எதற்குச் சமம் என்று அசிஸ்ட் என்ற அரசுத் தளத்தில் பார்க்கலாம். அதைப் பார்த்துவிட்டுத்தான் கவுன்சலரைப் பார்க்கப் போக வேண்டும், வெறுங்கையோடு போனால் அரை மணி நேரம் பொதுவான பேச்சிலேயே கரைந்துவிடும்.

2017இல் ஈஏடி வந்தது. அதற்குள் ஐந்து வகுப்பும் முடித்திருந்தேன். கைரேகை, டிபி பரிசோதனை, தடுப்பூசிச் சான்று எல்லாம் கொடுத்து ஒரு மழலையர் பள்ளியில் உதவியாளராகச் சேர்ந்து, ஆறு மாதத்தில் ஆசிரியையானேன். சம்பளம் பெரிசாக ஒன்றுமில்லை. ஆனால் முதல் காசோலையில் என் பெயர் மட்டும் இருந்தது, அதைப் படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன்.

2019இல் ஊருக்குப் போனபோது அவர் ஒரு பேப்பர் துண்டை எடுத்து வைத்திருந்தார். நம்மூரிலும் இருக்கிறதாமே, சமுதாயக் கல்லூரி என்று. ஆமாம்ப்பா என்றேன். புதுவைப் பல்கலைக்கழகம் 1995இல் தொடங்கியது, சென்னையில் கத்தோலிக்க மறைமாவட்டம் 1996இல் தொடங்கியது, சேசு சபைப் பாதிரியார் சேவியர் அல்போன்ஸ் அதை நாடெங்கும் பரப்பினார். பள்ளியை நடுவில் விட்டவர்களுக்கு வாழ்க்கைத் திறனும் கைத்தொழிலும் தொழிற்கூடத்தில் நேரடிப் பயிற்சியும் சேர்த்துக் கொடுக்கும் படிப்பு அது. வேலைக்கு அனுப்புகிற வேலையை நம்மூரில் நன்றாகவே செய்தார்கள். அங்கிருந்து பட்டப்படிப்புக்கு ஏறும் படிதான் இங்கே இருக்கிற அளவுக்கு அங்கே உறுதியாக அமையவில்லை என்பது என் எண்ணம். அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இதுக்கு என்ன மார்க்?" என்றார். பழக்கதோஷம்.

போன மாதம் அதே சன்னிவேல் பூங்காவில் ஒரு புதுப் பெண், திருச்செங்கோட்டுப் பக்கம், கைக்குழந்தையோடு வந்து உட்கார்ந்தாள். "அக்கா, நீங்க ஏதோ காலேஜ் பத்திச் சொல்வீங்கன்னு சொன்னாங்க. நான் பி.ஃபார்ம்., எனக்கெல்லாம் கிடைக்குமா?"

"கிடைக்கிறது இருக்கட்டும்மா. நீ இந்த ஊருக்கு வந்து இறங்குன தேதி என்ன?"

விழித்தாள். போனைத் தட்டி விமான டிக்கெட்டைத் தேடினாள். நான் கையிலிருந்த பையை ஓரமாக வைத்துவிட்டு, டி ஆன்சாவின் காலண்டரைத் திறந்து அடுத்த குவார்ட்டர் என்றைக்குத் தொடங்குகிறது என்று பார்த்தேன்.

"வீட்டு ஒப்பந்தம் யார் பேர்ல இருக்கு?" என்று அடுத்துக் கேட்டேன்.